குப்பம்மா வீட்டுப் பப்பாளி

ஐப்பசி மழை மூன்று வாரமாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. காத்திவாக்கத்தில் படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. கழிமுகத்துத் தண்ணீர் சாம்பல் கரைந்து பால் திரிந்தது போல ஓடியது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவும் பெண்கள்கூட அரைக் கூடை தேறாமல் கரையேறினார்கள். தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார்.

காய்ச்சல் காலம் வந்தால் குப்பம்மா வீட்டுக்குக் கூட்டம் வரும். வீடு இரண்டே அறை. பின்னால் கைப்பிடி அளவு மண்தரையில் ஒரு பப்பாளி மரம், ஓட்டுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றது. டெங்குவுக்குப் பப்பாளி இலைச் சாறு நல்லது என்று யாரோ சொல்லி வைத்ததிலிருந்து, தெருவில் யாருக்கு உடம்பு சுட்டாலும், காய்க்கு விட்ட தங்கள் மரத்தில் கை வைக்காமல், கிண்ணத்தோடு இங்கே வந்துவிடுவார்கள். குப்பம்மா யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. காலையில் இறால் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகும்போது பின்கதவைத் தாழ் போடாமலே போவாள்.

அந்த வியாழக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, பிளாஸ்டிக் சாக்கைத் தலைக்கு மேல் பிடித்தபடி ரெஜினா வந்தாள். தெருமுனையில் பழக்கடை வைத்திருக்கும் பெனிட்டோவின் மனைவி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பதினைந்து வருடமாகிறது. ஒரே மகள் ஜெனி, நான்காம் வகுப்பு.

"எக்கா, ரெண்டு எல பறிச்சுக்கிடட்டுமா? நேத்துச் சாறு குடுத்தப்போ கொஞ்சம் தெளிவா இருந்தா. இன்னைக்குத் தலையத் தூக்க மாட்டேங்கா."

"இன்னா கேக்குற நீ? பறிச்சிக்க," என்றாள் குப்பம்மா. "கொழந்த ஒடம்பு இன்னும் கொதிக்குதா?"

"கொதிக்கல. சில்லுனு கெடக்கா. அதாம் எனக்குப் பயமா இருக்கு."

உள்ளே சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்த கீர்த்தி இதைக் கேட்டு வெளியே வந்தாள். குப்பம்மாவின் மகள். இருபத்தேழு வயது. நகரத்துக்குள் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் நான்கு வருடமாக ஆராய்ச்சி மாணவி. தினமும் ரயிலில் சென்ட்ரல் போய் அங்கிருந்து பஸ் மாறுவாள். தெருவில் அவளைச் 'செடி டாக்டரு' என்பார்கள்.

"காய்ச்சல் வுட்டப்புறம்தான் டெங்குல ஆபத்தே. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்கக்கா," என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ரெஜினாவின் கையிலிருந்த இலையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

இலை முழுதும் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலங்கியிருந்தது. ஓரங்கள் சுருங்கி, ஒரு விரல் மட்டும் கயிறு போல இளைத்திருந்தது. காம்பில் எண்ணெய் பட்டது போலக் கரும்பச்சைக் கோடுகள்.

கீர்த்தி அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். உச்சிக் குருத்து கசங்கிய துணி மாதிரி சுருண்டிருந்தது. காய்களின் மேல் வளையம் வளையமாகப் புள்ளிகள். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? அவசரமாகக் கிளம்பி இருட்டில் வருகிறவள், இந்த மரத்தை அண்ணாந்து பார்த்தே மூன்று மாதம் இருக்கும்.

"இன்னாடி அப்டிப் பாக்குற?" என்றாள் குப்பம்மா.

"ஒண்ணுமில்ல. பூச்சி அடிச்ச எல. இத்தக் குடுக்காதீங்கக்கா." ரெஜினாவின் கையிலிருந்து இலையை வாங்கிக்கொண்டாள். வாங்கினாள் என்பதைவிடப் பிடுங்கினாள். "ஆட்டோ புடிங்க. சாறெல்லாம் வாணாம். இப்பவே கௌம்புங்க."

ரெஜினா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வெறும் கிண்ணத்தோடு, சாக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் ஓடினாள்.

ரயிலில் கீர்த்திக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று வண்டி நின்று நின்று போனது. அவள் கண்ணுக்குள் இரண்டு கறுப்புத் தொட்டிகள் வந்து நின்றுகொண்டன.

அவள் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். பப்பாளிக்கு வளையப்புள்ளி நோயைக் கொடுக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது. பத்தாயிரம் மரபெழுத்துக்குச் சற்று மேலான ஒரே சரம்தான் அதன் உயிர். அந்தச் சரத்தைத் துண்டு துண்டாக டி.என்.ஏ.வாக நகலெடுத்து, துண்டுகளை வரிசை மாறாமல் ஒரு வளையத்தில் ஒட்டி, அந்த வளையத்தை பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்க வேண்டும். பிறகு செடிக்குள் மரபுச்சரத்தைச் செலுத்தத் தெரிந்த இன்னொரு மண் பாக்டீரியாவுக்குள் அதை மாற்றி, ஊசியில்லாத சிரிஞ்சால் இலையின் அடிப்பக்கத்தில் அழுத்தினால், செடியே அந்த நகலைப் படித்து வைரஸை உண்டாக்கிவிடும். கையால் ஒட்டிச் செய்த வைரஸ். அதில் ஒரு எழுத்தை மாற்றி, எந்த எழுத்து இலையைச் சுருக்குகிறது என்று பார்க்கலாம். இலையைச் சுருக்காத, கடிக்காத வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்து முன்கூட்டியே செடிக்குக் கொடுத்துவிட்டால், கடிக்கிற வைரஸ் வந்தாலும் மரம் தாங்கும். அதற்காகத்தான் இத்தனையும்.

ஒட்டவே இரண்டரை வருடம் ஆனது. கடைசித் துண்டு பாக்டீரியாவுக்குள் போனதும் உடைந்து உடைந்து போகும். ஒட்டி முடித்த அன்று, வைரஸ் செடிக்குள் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகக் கடல் சொறி எனும் ஜெல்லிமீன் ஒன்றின் பச்சை ஒளி மரபணுவையும் நடுவில் சேர்த்தாள். புற ஊதா விளக்கைக் காட்டினால் வைரஸ் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும். அதை வீட்டில் சொன்னபோது அப்பா திருமலை சிரித்தார். "வலைல வந்து கையெல்லாம் அரிச்சிப் புடுங்குமே, அந்தச் சொறியா? அத்தவா பப்பாளிக்குள்ள வுட்ட?"

வைரஸ் என்ற சொல்லை மட்டும் அவள் வீட்டில் சொல்லவில்லை. கொரோனா வருடத்தில் ஒருமுறை சொல்லப்போய், ஒரு மாதம் தெருக்குழாயில் யாரும் அவள் பக்கத்தில் நிற்கவில்லை. அதிலிருந்து 'செடிக்கு வர்ற சீக்கு' என்றுதான் சொல்வாள்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு சோதனை முடிந்தது. ஒரு தட்டில் வைரஸ் செலுத்திய செடிகள், இன்னொரு தட்டில் வெறும் பாக்டீரியா செலுத்திய ஒப்பீட்டுச் செடிகள். கண்ணாடி வீட்டுக்குள் போன எந்தச் செடியும் நீராவியில் வெந்துதான் வெளியே வர வேண்டும் என்பது சட்டம். அன்று காலை குப்பம்மா சொல்லியிருந்தாள்: "தூக்கிப் போடுற செடிய எனக்கு ரெண்டு எடுத்தா. பெரிய மரம் கிழவியாகிக்கினு வருது." கீர்த்தி ஒப்பீட்டுத் தட்டின் ஓரத்திலிருந்து இரண்டு தொட்டிகளை எடுத்துப் பையில் வைத்தாள். விளக்கைக் காட்டிப் பார்த்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஐந்து நாற்பது ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு செடியை ஆடு தின்றது. இன்னொன்று பெரிய மரத்தின் அடியில் வளராமல் சுருண்டு நின்றதென்று குப்பம்மாவே பிடுங்கிப் போட்டாள். உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள்.

ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனதும் கீர்த்தி பழைய குறிப்பேட்டைத் திறந்தாள். ஆடி மாதப் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: தண்ணீர் பட்டு இரண்டு தொட்டிகளின் பெயர்ச்சீட்டில் எழுத்து அழிந்தது, மறுபடி எழுதினேன். எதைப் பார்த்து எழுதினாள் என்பது இல்லை. நினைவுமில்லை.

அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி ஜெரினா மேடம் தன் அறையில் யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கீர்த்தி கதவு வரை போனாள். திரும்பினாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை போனாள். "என்ன கீர்த்தி?" என்று மேடம் நிமிர்ந்து கேட்டபோது, "ஐஸ் தீந்துடுச்சு மேடம்" என்றாள்.

சந்தைப் பப்பாளியில் பாதிக்கு இந்த நோய் உண்டு. புழல் பக்கத்துத் தோட்டங்களில் போய்ப் பார்த்தால் தெரியும். அதைப் பரப்பும் அசுவினிப் பூச்சி எங்கிருந்தாவது கொண்டுவந்திருக்கலாம். இயற்கையான வைரஸாக இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம் என்று வியாழன் போனது, வெள்ளி போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆராய்ச்சிக்கூடத்துப் புற ஊதாக் கை விளக்கைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதையும் யாரிடமும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மழை வெறித்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. திருமலை வாசலில் உட்கார்ந்து வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் நெத்திலிக் குழம்பு கொதித்தது.

"மா, படகு மேல போட்ட தார்ப்பாய் எங்க கீது?"

"எதுக்குடி?"

"இருட்டு வேணும். மரத்துல ஒண்ணு பாக்கணும்."

குப்பம்மா மேற்கொண்டு கேட்காமல் தார்ப்பாயை எடுத்து வந்தாள். தாழ்ந்து தொங்கிய ஒரு இலையைக் காம்போடு பிடித்து, இருவர் தலையையும் சேர்த்துத் தார்ப்பாயை மூடினார்கள். உள்ளே மீன் வாடையும் புழுக்கமும். கீர்த்தி அம்மாவுக்குக் கண் காப்பாக ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டாள். விளக்கைத் தட்டினாள்.

இலை கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. ஆரோக்கியமான பச்சையம் இந்த விளக்கில் சிவப்பாகத்தான் தெரியும். கீர்த்திக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. விளக்கை நரம்புப் பக்கம் நகர்த்தினாள்.

நரம்போரம் பச்சை ஒளிர்ந்தது. முதலில் ஒரு கோடு. பிறகு கிளைகள். பிறகு திட்டுத்திட்டாக இலை முழுதும்.

"அய்ய, இன்னாடி இது?" குப்பம்மா இலையை விட்டுவிட்டாள். "மரத்துக்குள்ள இன்னா எரியிது?"

கீர்த்தி இலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஆடியது. விளக்கு ஆட, பச்சை இருக்கும் இடமெல்லாம் மின்னி மின்னி மறைந்தது. இயற்கையில் எந்தப் பப்பாளியும் இப்படி ஒளிராது. உலகத்தில் இப்படி ஒளிரும் ஒரு வைரஸ் அவள் கையால் ஒட்டியதுதான்.

தார்ப்பாயை விலக்கி வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வைரஸ் என்ற சொல்லையும் சொன்னாள். திருமலை ஊசியைக் கையில் பிடித்தபடியே பின்கட்டுக்கு வந்து நின்று கேட்டார்.

முதலில் பேசியது குப்பம்மா. குரல் கீழே இறங்கியிருந்தது. "ரெஜினா கொழந்தைக்கு ரெண்டு வாட்டி இத்தத்தான அரச்சிக் குடுத்தாங்க?"

"அது மனுசங்களுக்கு வராது மா. நாம மார்க்கெட்டுல வாங்கித் துன்ற பழத்துல எல்லாம் கீது. ஒண்ணும் பண்ணாது. இது செடிக்கு மட்டும்தான்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே."

"பின்ன ஏன் ஒனுக்குக் கை நடுங்குது?"

கீர்த்தி கைகளை மடியில் அழுத்திக்கொண்டாள். "வெளிய வரக்கூடாதது வெளிய வந்துட்ச்சு. பூச்சி இந்த எலயக் கடிச்சிட்டு இன்னொரு மரத்துக்குப் போவும். அங்கருந்து இன்னொண்ணு. எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. மேடம் லேபையே மூடிடுவாங்க. என் படிப்பு பூட்டும்."

திருமலை மரத்தைப் பார்த்தார். "அருவா எங்க?" என்றார். "இப்பவே சாச்சி, துண்டு போட்டுக் கொளுத்திட்டா ஆச்சு. யாராண்டயும் ஒண்ணும் சொல்லாத. எவனுக்குத் தெரியப்போவுது?"

"ஆமா," என்றாள் குப்பம்மா. "ரெஜினாவாண்ட சொன்னா அவ்ளோதான். கொழந்தைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம மேல வரும். தெருவே வரும். கொரோனாவுல இன்னா பண்ணாங்க, மறந்துட்டியா?"

கீர்த்திக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அருவாள் கூரையில் செருகியிருந்தது. கால் மணி நேரத்தில் மரம் தரையில் கிடக்கும். அவள் எழுந்துகூட விட்டாள். ஆனால் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

"அன்னிக்கு வாடை வந்துச்சே மா. கேஸ் வாடை."

நான்கு வருடம் முன்னால், ஒரு கம்பெனியின் குழாயிலிருந்து ஏதோ கசிந்தது. விடிகாலையில் கண்ணெரிச்சலோடு எழுந்த தெரு, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடியது. கம்பெனியிலிருந்து முதல் வார்த்தை வந்தது மதியம் மூன்று மணிக்கு. குப்பம்மா கம்பெனி வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். மூன்று நாள் அவளுக்குக் குரலே இல்லை.

"கேட்டாண்ட நின்னுகினு இன்னான்னு கத்துன?" என்றாள் கீர்த்தி.

"அதும் இதும் ஒண்ணாடி? அது பெரிய கம்பெனி."

"இன்னான்னு கத்துன, சொல்லு."

குப்பம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுப்பில் குழம்பு தீய்கிற வாசனை வந்தது. யாரும் போய் இறக்கவில்லை. கடைசியில் திருமலைதான் சொன்னார், தனக்குத்தானே சொல்வது போல.

"தெரிஞ்சப்பவே ஏன்டா சொல்லலன்னு கேட்டா."

கீர்த்தி கைப்பேசியை எடுத்தாள்.

ஜெரினா மேடம் முழுதும் கேட்டார்.  

"எத்தனை செடி எடுத்துட்டுப் போன?"

"ரெண்டு மேடம்."

"பிடுங்கின செடிய எங்க போட்டாங்க?"

"குப்பைல. கார்ப்பரேஷன் வண்டி எடுத்துட்டுப் போயிடுச்சு."

"சுத்தி எத்தனை பப்பாளி மரம் இருக்கு?"

"தெரியல மேடம். நிறைய இருக்கும்."

"மரத்தைத் தொடாத. வெட்டாத. வெட்டினா பூச்சி எல்லாம் பக்கத்து மரத்துக்குப் பறக்கும். முதல்ல மருந்து அடிக்கணும். நாளைக்குக் காலைல வர்றோம்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தக் குழந்தைக்கு இதனால ஒண்ணும் ஆகாது. அது உனக்கே தெரியும். ஆனா அவங்க அம்மாகிட்ட நீயே சொல்லிடு. நாளைக்கு எங்களைப் பார்த்துத் தெரிஞ்சுக்கக்கூடாது."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கீர்த்திக்குத் தோன்றியது.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். எல்லாக் கட்டிலிலும் கொசுவலை. ஜெனி சுவர் ஓரம் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. கையில் ஏறும் சொட்டு மருந்தை ரெஜினா எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தத்துல பிளேட்லெட்டு இருபத்திரெண்டாயிரம்னு சொல்லுதாவ," என்றாள், கீர்த்தி கேட்கும் முன்பே. "ஒன்றரை லட்சம் இருக்கணுமாம். காலைல மூக்குல ரத்தம் வந்துச்சு. நீ சொன்னதுனாலதான் அன்னைக்கே தூக்கிட்டு ஓடியாந்தேன். இல்லன்னா..." கீர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருப்ப."

அந்தக் கை தன் கையில் இருக்கும்போது சொல்வது கடினமாக இருந்தது. கீர்த்தி மெல்ல விடுவித்துக்கொண்டு, வார்டுக்கு வெளியே கூப்பிட்டாள். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று சொன்னாள். மரத்தில் தன் ஆராய்ச்சி வைரஸ் இருக்கிறது என்று. அது செடியை மட்டும் பிடிக்கும், மனிதரைப் பிடிக்காது என்று. அந்த இலையைத்தான் ஜெனி குடித்தாள் என்று.

ரெஜினாவுக்கு முதல் வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை.

"வைரசா?"

"அது செடி வைரஸ்க்கா, டெங்கு வேற..."

"வைரசயா எம்புள்ள குடிச்சா? நாந்தான அரைச்சேன்? எங்கையால அரைச்சு, மூக்கப் பிடிச்சு வாயில ஊத்துனேன். கசக்குதும்மான்னு அழுதா. அடிச்சுக் குடிக்க வச்சேன்." கீர்த்தியின் இரண்டு தோளையும் பிடித்துச் சுவரோடு தள்ளினாள். "நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த? படிச்சவதான நீ?"

சத்தம் கேட்டு ஒரு இளம் டாக்டர் படியில் இறங்கி வந்தார். கீர்த்தி சொன்னதைக் கேட்டார். "அம்மா, செடிக்கு வர்ற வைரஸ் நம்ம உடம்புல ஒட்டவே ஒட்டாது. உங்க குழந்தைக்குக் கொசுவால வந்த டெங்கு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல," என்று ரெஜினாவிடம் இரண்டு முறை சொன்னார். ரெஜினா தலையாட்டினாள். ஆனால் கீர்த்தியைப் பார்த்த பார்வை மாறவில்லை.

"போ," என்றாள். "எம்புள்ள எந்திரிச்சாத்தான் எனக்கு எதுவும் தெரியும். போயிரு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வேன் வந்தது. ஜெரினா மேடமும் இரண்டு பேரும் வெள்ளை உடுப்பு, கையுறை, தலைமூடியோடு இறங்கினார்கள். வெள்ளை உடுப்பைக் கண்டதும் தெரு கதவை அடைத்தது. பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அடைத்த கதவுகளுக்குப் பின்னாலிருந்து, திருப்பித் திருப்பி ஒரே சொல் கேட்டது. வைரசு. வைரசாம். திருமலை பொண்ணு கொண்டாந்துட்ச்சாம்.

மேடம் தலைமூடியைக் கழற்றினார். "கீர்த்தி, நாங்க போய்த் தட்டினா யாரும் திறக்க மாட்டாங்க."

ஆகவே அவளே போனாள். சாதாரண சுடிதாரில், விளக்கையும் தார்ப்பாயையும் தூக்கிக்கொண்டு, வீடு வீடாக. ஒவ்வொரு வாசலிலும் ஒன்றையேதான் சொன்னாள். "என் தப்பு. நான் கொண்டாந்த செடிலேருந்து பப்பாளிக்கு ஒரு சீக்கு வந்துகீது. ஆளுங்களுக்கு வராது. உங்க மரத்தப் பாக்கணும்." ஒரு வீட்டில் தண்ணீரை வாசலில் வீசி ஊற்றினார்கள். அவள் காலெல்லாம் நனைந்தது. ஒரு கிழவர் அவள் கையிலிருந்த விளக்கைத் தட்டிவிடப் பார்த்தார். மூன்றாவது வீட்டில் அவள் கதவருகே நின்றபோது பின்னால் யாரோ வந்து நின்றார்கள். குப்பம்மா.

"நீ தார்ப்பாய என்னாண்ட குடு," என்றாள். பிறகு கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அடியே, எத்தினி வாட்டி என் வூட்டு எலயப் பறிச்சினு போன? தொற இப்ப!"

தெருவில் மற்ற வீடுகளில் இருபத்தாறு மரங்கள். சாயங்காலத்துக்குள் இருபத்தைந்தைப் பார்த்துவிட்டார்கள். எல்லாம் சிவப்பாகத்தான் தெரிந்தன. குப்பம்மா வீட்டு மரத்துக்கு மருந்தடித்து, காத்திருந்து, துண்டு போட்டு, ஒரு இலைகூட விடாமல் தடித்த பைகளில் கட்டி வேனில் ஏற்றினார்கள். குப்பம்மா பார்க்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

இருபத்தாறாவது மரம் ரெஜினா வீட்டுப் பின்னால். வீடு பூட்டியிருந்தது. மதிலுக்கு வெளியே நின்று அந்த மரத்துக்கும் மருந்து மட்டும் அடித்தார்கள்.

கிளம்பும் முன் மேடம் சொன்னார். "கமிட்டி கூடும். நீ எழுதித் தரணும். தொட்டி வெளிய போனது எனக்குத் தெரியாம இருந்ததுக்கு நானும் எழுதித் தரணும். முடிவு வர்ற வரைக்கும் கண்ணாடி வீட்டுக்குள்ள நீ வர முடியாது. அப்புறம் என்ன ஆகும்னு எனக்கே தெரியல."

கீர்த்தி தலையாட்டினாள்.

திங்கட்கிழமை ஜெனிக்கு முப்பதாயிரம். பெனிட்டோ கடைக்கு வந்து சொன்னதைத் திருமலை கேட்டு வந்து சொன்னார். செவ்வாய்க்கிழமை எழுபதாயிரம். கீர்த்தி இரண்டு நாளும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.  தெருவில் ஆட்டோச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரிந்ததுதான். அவளே பலமுறை சொன்னதுதான். ஆனாலும் அந்த எண் ஏறாமல் நின்றால் தான் எதை நம்புவோம் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். மதியம் கீர்த்தி ரெஜினா வீட்டு வாசலில் போய் நின்றாள். ஜெனி உள்ளே பாயில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ரெஜினா வெளியே வந்தாள். ஒரு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"மரத்தப் பாக்கணும்க்கா."

ரெஜினா பின்பக்கம் நடந்தாள். நெஞ்சுயர மரம்தான். ஆனால் அடியிலிருந்து உச்சி வரை காய். இரண்டு காய் மஞ்சளோடத் தொடங்கியிருந்தது. கீர்த்தி தார்ப்பாயை விரித்தபோது ரெஜினா அதன் ஒரு முனையைப் பிடித்தாள். "நானும் பாக்கணும்," என்றாள்.

ஏழு இலை சிவப்பு. எட்டாவது, குருத்துக்குப் பக்கத்து இளம் இலை. நரம்போரம் ஊசிமுனை போல மூன்று பச்சைப் புள்ளி.

ரெஜினா முகத்தை இலைக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இதுவா?"

"இதான்க்கா."

தார்ப்பாயிலிருந்து வெளியே வந்ததும் ரெஜினா சமையலறைக்குள் போய் அரிவாளோடு வந்தாள். கீர்த்தியின் கையில் கொடுத்தாள். "வெட்டு. நீதான் வெட்டணும்."

கீர்த்தி மேடத்துக்குச் சொல்லி, மறுபடி மருந்தடித்து, அவர் சொன்ன நேரம் வரை காத்திருந்து வெட்டினாள். பஞ்சு மாதிரித் தண்டு, மூன்றே வெட்டு. பால் தெறித்துக் கையில் ஒட்டியது. காய்கள் மண்ணில் தொப்பென்று விழுந்தன. இலைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திணித்தாள். ரெஜினா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் எங்கிட்ட சொல்லாதது ஏதாவது இருக்கா?"

கீர்த்தி கையை நிறுத்தினாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"இருக்குக்கா. வியாழக்கெழம ஒங்க கையில எலயப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்துட்ச்சு. பூச்சின்னு பொய் சொன்னேன். ரெண்டு நாள் யாராண்டயும் சொல்லல. மரத்த வெட்டிக் கொளுத்திட்டு சும்மா இருந்துடலாம்னு பாத்தேன். அந்த ரெண்டு நாள்லதான் இந்த மரத்துக்கு வந்துச்சோ என்னவோ."

ரெஜினா கீழே விழுந்து கிடந்த காய்களைப் பார்த்தாள்.  உள்ளேயிருந்து ஜெனி, "அம்மா, இன்னும் கஞ்சி" என்றாள். "வாரேன்" என்று குரல் கொடுத்தாளே தவிர, நகரவில்லை.

"அவளுக்குக் காய்ச்சல் வந்தது திங்கக்கெழம," என்றாள் பிறகு. குரலைத் தாழ்த்தினாள். "மூணு நாளு. கடைல சரக்கு எறங்குத நேரம். ஆஸ்பத்திரின்னு போனா ஒரு நாள் போயிரும்னு, ஜெனி அப்பாட்ட சாதாக் காய்ச்சல்தான்னுட்டேன். எலச் சாறு குடுத்தாப் போதும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். டாக்டர் எப்ப காய்ச்சல் வந்துச்சுன்னு கேட்டாரு. நேத்துன்னு சொன்னேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இன்னைக்கு வரைக்கும் அவியளுக்கே தெரியாது."

கீர்த்தி கிடந்த காய்களையும் பைக்குள் போட்டு வாயைக் கட்டினாள்.  தண்டு மட்டும் தரையில் கிடந்தது, பை கொள்ளாத நீளத்தில்.

"ரெண்டாத் துண்டு போடு," என்றாள் ரெஜினா.

கீர்த்தி துண்டு போட்டாள். அடித்துண்டின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, ரெஜினா குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தாள். பால் வழுக்கியது. இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.